அம்மா குறை சொன்ன காபி

போன வாரம் ஆரணி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து ஓட்டலில், ஒரு வாய் காபி குடித்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதேன். ஐம்பதைத் தாண்டியவன், ஓட்டல் காபியைக் கிண்டலடித்துக் கட்டுரையெல்லாம் எழுதியவன்.

பால் அடிப்பிடித்த வாசனைதான் காரணம். நான் பள்ளியில் படித்தபோது அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். தினமும் காலையில் அப்பா தறியில் உட்காருவதற்கு முன், என்னையும் கூட்டிக்கொண்டு இதே ஓட்டலில் பிளாஸ்க்கில் காபி வாங்கிப் போவார். மூடியைத் திறந்ததுமே அம்மா முகம் சுளிப்பாள்.

"இன்னாய்யா இது, பால தீய வச்சிகிறான். மூக்கு இல்லாதவன் மாரி வாங்கினு வந்துகிற."

அந்தத் திட்டு கிடைத்தால் போதும், அப்பா அன்று முழுக்கச் சிரித்த முகமாக நெய்வார்.

ஒருநாள் அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லா கீது" என்றாள். காபி வழக்கம்போலத் தீய்ந்துதான் இருந்தது. அப்பா பிளாஸ்க்கை மெதுவாக மூடிவிட்டு, வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றார். அதற்குப் பிறகு அவர் காபி வாங்க வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஓட்டலில் அழுததை மட்டும் சொன்னேன்.

"அந்த ஓட்டல் காபிக்கு அழுகதாங்க வரும்," என்றாள். "டீ சொல்லியிருக்கலாம் இல்ல."