சாமி என்றேன், சோம்பேறி என்றேன்

எனக்கு எழுபத்திரண்டு வயது. கரியாலூரில் சாமை விதைத்து ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். யார் வாசலிலும் கையேந்தியதில்லை.

மூத்தவன் அண்ணாமலை, காதில் யாரோ பேசுகிறார்கள் என்று கத்துவான். சாமி வந்திருக்கிறது என்று ஊரே அவனிடம் குறி கேட்டது. எனக்கும் பெருமைதான். கடைசிப் பெண் சின்னப்பொண்ணு பேசமாட்டாள், குளிக்கமாட்டாள், கதிர் அறுக்கப் போனால் அரிவாளோடு அப்படியே நிற்பாள். சோம்பேறி என்று விளக்குமாற்றால் அடித்தேன்.

ஒருநாள் அண்ணாமலை, சோற்றில் நான் விஷம் வைத்திருப்பதாகச் சொன்னான். பயந்துபோய்க் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பை தூக்கச் சின்னப்பொண்ணும் வந்தாள். டாக்டரம்மா அவனைப் பார்த்துவிட்டு, அவளிடமும் வெகுநேரம் பேசிப் பார்த்தார்.

"ரெண்டு பேருக்கும் மனச்சிதைவு நோய்தாம்மா."

"இன்னாங்க சொல்றீங்க? அவன் கத்துறான், இவ வாயே தொறக்க மாட்டேங்குறா. எப்பிடிங்க ஒரே நோவு?"

"ஒரே வயித்துல பொறந்தாலும் ஆளுக்கு ஒரு மாதிரி வரும்மா."

இருவரும் மாத்திரை சாப்பிடுகிறார்கள். அவன் கத்துவது குறைந்திருக்கிறது. அவள் எப்போதாவது தண்ணீர் கேட்கிறாள். எனக்குத்தான் இன்னும் ஒன்றும் விளங்கவில்லை. அடிக்கும்போது அவள் அழவே மாட்டாள். அதையும் திமிர் என்றுதான் நினைத்தேன்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதிய பேத்தியிடம் சொன்னேன்: "படிம்மா. அடிச்சத உடாம, உன் அத்தைக்குக் கேக்குற மாதிரி படி."