நிமிர்ந்தால் செடி, படர்ந்தால் களை

பழைய பஸ் டிரைவர் குப்பைத்தொட்டியில் பொறுக்கித் தின்கிறார் என்று குடியிருப்பு முழுக்கப் பேச்சு. ஆளாளுக்குக் ‘கண்ணால் பார்த்தேன்’ என்றார்கள். துருவிக் கேட்டால், பார்த்த கண் பக்கத்து வீட்டாருடையது. கீழே இறங்கி விசாரித்ததில் பாதி நிஜம். தொட்டியைக் கிளறினார். கிளறி எடுத்தது அவருடைய சொந்தச் சொத்து.

மதிலோரம் கட்டில் அகலத்துக்கு ஒரு பாத்தி. ஓய்வுபெற்றதும் செங்கல் சில்லுகளைப் பொறுக்கி எறிந்துவிட்டு அதில் பருப்புக்கீரை வளர்த்தார். சிவந்த தண்டு, சதைப்பற்றான குட்டி இலை, லேசான புளிப்பு. மற்றச் செடிகள் துவளும் வெயிலில் இது மினுமினுக்கும். அவர் வீட்டுச் சட்டியில் பாதி நாள் அதுதான்.

குடியிருப்புச் சங்கச் செயலாளர் அம்மா ‘களையெடுப்பு ஞாயிறு’ அறிவித்த அன்று டிரைவர் தன் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். கையுறை மாட்டிய கூட்டம் தானாக ஒரு சட்டம் போட்டுக்கொண்டது: நிமிர்ந்து நின்றால் செடி, தரையில் படர்ந்தால் களை. முடிந்தது தாவரவியல்! கீரை வேரோடு போனது. கிள்ளினால் பால் வடியும், ஆடுகூட மோந்துவிட்டு நகரும் கள்ளி நெட்டுக்குத்தாக நின்றதே, அதைச் சுற்றி வெள்ளையடித்த கல் பதித்தார்கள்.

மாலையில் திரும்பியவர் நேரே செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

“ஏம்மா, என் சோத்துல மண்ணப் போட்டுட்டியே!”

“கோவப்படாதீங்க அண்ணே, அது வெறும் களை.”

“போன மாசம் ஒரு கட்டு குடுத்தேனே, அது என்ன?”

“அது கீரை. ருசியா இருந்துச்சு.”

“அதோட அக்கா தங்கச்சியத்தான் இன்னிக்குப் பிடுங்கிப் போட்டிருக்க!”

உள்ளேயிருந்து அவள் கணவர் அலறினார்: “அப்ப நாம தின்னது களையா?”

“சும்மா இருங்க! நூல் சுத்தி வந்தா கீரைதான்.”

“பாத்தியத் திருப்பிக் குடும்மா.”

“அங்க புல்தரை வருது அண்ணே. கமிட்டி முடிவு.”

புல்தரையாம்! யாரும் தின்னாத புல்லுக்குத் தினமும் குழாய்த் தண்ணீர். தண்ணீர் கேட்காமல் தட்டை நிரப்பிய செடிக்குக் குப்பைத்தொட்டி. இந்த அநியாயத்துக்குக் கைதட்டல் வேறு.

அப்போதுதான் அவர் தொட்டியைக் கிளறினார். பருப்புக்கீரை ரோஷம் பார்க்காது. தண்டு ஈரம் கண்டால் வேர்விடும். வாடாத தண்டுகளை ஓட்டை வாளிகளில் நட்டு மொட்டைமாடியில் வைத்தார். துளிர்த்துவிட்டது. பாத்தி மட்டும் போனது போனதுதான். அங்கே இப்போது புல், ‘மிதிக்காதீர்’ பலகையோடு.

நேற்று செயலாளரின் கணவர் பூனைநடையில் மாடியேறி வந்தார்.

“அண்ணே, ஒரு கைப்பிடி...”

“உங்க வீட்டம்மா மன்னிப்புக் கேக்கட்டும், தாரேன்.”

“கேப்பா அண்ணே. கீரை மொதல்ல போகட்டும், மன்னிப்பு பின்னாலயே வரும்.”

பல்லைக் கடித்துக்கொண்டு பறித்துக் கொடுத்தார். கீரை வெந்து, வயிற்றுக்கும் போயாயிற்று. மன்னிப்பு இன்னும் மாடியேறவில்லை.