ராசமலர் குதிரை ஏறப் பழகியது

ஓடினது குதிரைதான். ராசமலர் அதற்குமேல் இருந்தாள், அவ்வளவுதான். அவள் ஒருத்தனோடும் ஓடிப்போகவில்லை. உப்புவெளியில் குழாயடியில் நின்று கதைத்தவர்கள் ஒரு குதிரையில் இரண்டு பேரை ஏற்றிவிட்டார்கள். இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் பிள்ளையையும் ஏற்றியிருப்பார்கள்.

கதையைக் கொண்டுவந்தது பக்கத்து வீட்டுக் கனகம்மா. அவளுடைய தம்பி கண்டியில் புடவைக் கடையில் வேலை. அவன் கண்ணால் கண்டானாம்: குஞ்சித்தம்பியின் மகள் களிசான் போட்டுக்கொண்டு நடுறோட்டில் குதிரையில் போனாளாம், பின்னால் ஒரு சோனகன் கூப்பிட்டுக்கொண்டு வந்தானாம். கண்டது பொய்யில்லை. ஆனால் அந்தச் சோனகனுக்கு முன்னால் அவனுடைய பெண்சாதி கைக்குழந்தையோடு ஓடினாளே, அதை ஏன் சொல்லவில்லை? அவன் இரண்டு கைத்தடியில் நொண்டிக்கொண்டு வந்தானே, அதை ஏன் விட்டான்?

ராசமலர் கண்டிக்கு அப்பால் விவசாயக் கல்லூரி ஒன்றில் ஆடு மாடு வளர்ப்புப் படித்தாள். அறுபத்தாறாம் ஆண்டு, கடைசி வருசம். மலைநாட்டில் அரசாங்கப் பண்ணையொன்றுக்கு ஆள் எடுத்தார்கள். மேய்ச்சல் தரை முழுக்க ஏற்றமும் இறக்கமும், ஜீப் ஏறாது. குதிரை ஏறத் தெரிந்தவர்களுக்கு முதலிடம் என்று போட்டிருந்தார்கள். கல்லூரியில் மாடு நின்றது, பன்றி நின்றது, குதிரை நிற்கவில்லை. உப்புவெளிக் கரையில் பிறந்தவள் குதிரைக்கு எங்கே போவாள்?

முதலில் நுவரெலியாவுக்குப் போனாள். வாவிக் கரையில் குதிரைக்காரர் சின்னப் பிள்ளைகளை ஏற்றி ஒரு சுற்றுக் கூட்டிக்கொண்டு வருவார்கள். ஒருவனிடம் கயிற்றைக் கையில் தா என்று கேட்டாள். அவன் சிரித்தான், தரவில்லை. பிறகு ஒரு தேயிலைத் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரைசாணி பழக்குகிறாள் என்று கேள்விப்பட்டு, பஸ்ஸால் இறங்கி மூன்று மைல் நடந்தாள். நல்ல குதிரை, நல்ல மனுசி. ஆனால் பெண்பிள்ளை இரண்டு காலையும் ஒரே பக்கம் போட்டுத்தான் இருக்க வேண்டும் என்று ஒரு சாய்ந்த சேணத்தை எடுத்து வைத்தாள். பண்ணையில் அந்தச் சேணம் எங்கே கிடக்கும்? தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிட்டாள்.

ஒரு நாள் கல்லூரி றோட்டில் குதிரை இலத்தி கிடந்தது. மற்றப் பெட்டைகள் மூக்கைப் பொத்தினார்கள். இவள் அது எந்தப் பக்கமிருந்து வந்தது என்று பார்த்துக்கொண்டே நடந்தாள். இலத்தி போய் நின்றது பாயிஸின் வாசலில். பாயிஸ்தான் அந்தச் சோனகன், குதிரைப் பொலிசில் இருந்தவன். கால் முறிந்து வீட்டில் இருந்தான். பொலிஸ் கழித்துவிட்ட கிழட்டுப் பெட்டைக் குதிரை ஒன்றை வளவில் கட்டியிருந்தான்.

"எனக்கு ஏறேலாது தங்கச்சி," என்றான். "கதிரையில இருந்து கத்துவன். மைமூனா குதிரையப் பிடிப்பா. சம்மதமோ?"

மைமூனா அவனுடைய பெண்சாதி, இடுப்பில் கைக்குழந்தை. "நான் இங்கினேக்க நிக்கிறன் புள்ள, பயப்பிடாத," என்றாள். "குதிரை கடிச்சா மட்டும் என்னக் கேக்காத."

பெண்சாதி பக்கத்தில், கல்லூரி கூப்பிடு தூரத்தில், இரண்டு பக்கமும் காலைப் போடலாம். இதைவிட என்ன வேண்டும்? சனிக்கிழமைதோறும் போனாள். காசு வேண்டாம், உப்புவெளிக் கருவாடு கொண்டு வா என்றார்கள்.

ஐந்தாம் சனிக்கிழமை மைமூனா கயிற்றை விட்டாள். வளவின் இடப்பக்கம் தொழுவம், வலப்பக்கம் திறந்து கிடந்த றோட்டுக் கதவு. "தொழுவத்துக்குத் திருப்பு!" என்று பாயிஸ் கத்தினான். ராசமலர் வலப்பக்கக் கடிவாள வாரை இழுத்தாள். குதிரை கதவுப் பக்கம் திரும்பியது. பதறி இன்னும் இரண்டுதரம் வலப்பக்கம் இழுத்தாள். குதிரை கதவால் வெளியே போய், றோட்டைக் கண்ட சந்தோசத்தில் ஓடத் தொடங்கியது. அந்த வழியால் பஸ்ஸில் போன கனகம்மாவின் தம்பி கண்டது அதைத்தான்.

தவணை விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது கதை அவளுக்கு முன்னாலேயே வந்து இருந்தது. பெட்டியைத் தகப்பன் பரணில் ஏற்றினான்.

"படிச்சது காணும், இனி வீட்டில இரு," என்றான். திங்கட்கிழமை கல்லூரி திறக்கும். அதற்கடுத்த கிழமை பண்ணைக்காரர் வந்து குதிரையில் ஏற்றிப் பார்ப்பார்கள். போகாவிட்டால் வேலையும் இல்லை, படித்த இரண்டு வருசமும் வீண்.

ராசமலர் அழவில்லை. தகப்பன் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த இடத்தில் போய்க் குந்தினாள். நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னாள்.

"இடப்பக்கம் போகத்தானப்பா வலப்பக்கம் இழுத்தனான்."

குஞ்சித்தம்பியின் கை வலையில் நின்றது. அவனுக்கு ஆண்பிள்ளை இல்லை. பத்து வயதிலிருந்து தோணியில் சுக்கான் பிடித்தவள் ராசமலர். சுக்கான் பிடியை வலப்பக்கம் தள்ளினால் தோணி இடப்பக்கம் போகும்.

"எத்தினைதரம் இழுத்தனி?"

"மூண்டுதரம்."

"பேந்து?"

"கதவால வெளிய போட்டுது."

அவன் சிரித்த சிரிப்பில் தாய் அன்னப்பிள்ளை குசினியிலிருந்து அகப்பையோடு ஓடி வந்தாள்.

"மானம் போகுது, உங்களுக்குச் சிரிப்போ?"

"இது சோடிச்ச கதை இல்லையடி. தோணி பிடிச்ச கை அப்பிடித்தான் இழுக்கும். சீலை கிழிச்சு விக்கிறவனுக்கு இது விளங்காது." மகளைப் பார்த்தான். "இப்ப எந்தப் பக்கம் இழுக்கிறனி?"

"போற பக்கத்துக்கு."

"தோணியில?"

"மற்றப் பக்கத்துக்கு."

"அப்ப சரி. பெட்டியை இறக்கு."

அன்னப்பிள்ளைக்கு அது போதவில்லை. குழாயடியில் நிற்கிற ஒவ்வொருத்திக்கும் ஆர் போய்ச் சுக்கானை விளங்கப்படுத்துவது என்றாள். அதில் ஞாயமும் இருந்தது. கடைசியில் ஒரு வழி சொன்னாள்: "போறதெண்டா விடியமுதல் பஸ்ஸில போ. ஒருத்தரும் காணாயினம்."

"நான் என்ன களவெடுத்திட்டோ போறன்? ஒம்பது மணி பஸ்ஸில போறன்."

தாயும் தகப்பனும் மாறிமாறிச் சொன்னார்கள். கேட்கவில்லை. திங்கட்கிழமை எட்டரைக்கு, குழாயடியில் குடம் வரிசையாய் இருந்த நேரம், ராசமலர் தலை சீவிப் பொட்டு வைத்து, பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு முன்வாசலால் வெளியே இறங்கினாள்.

கனகம்மா குடத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "என்ன பிள்ளை, பயணமோ?"

"ஓம் அக்கா. குதிரை பழகப் போறன்," என்றாள் ராசமலர், எல்லாருக்கும் கேட்க, நடையை நிறுத்தாமல்.