இரண்டு ஜாடிகளும் மாமாவின் சந்தேகமும்

அன்னவாசலில் ஒரு வேதக்கார வீட்டுக்கு நான் மருமகளாகப் போனபோது, மாமனாருக்குப் பாடம் நடத்தும் வேலையும் சேர்ந்து வந்தது. மாதா கோயிலின் வலைத்தளத்தை இனித் தானே பார்த்துக்கொள்வதாக அவர் ஃபாதரிடம் வாக்குக் கொடுத்திருந்தார். நான் இலுப்பூர் கம்ப்யூட்டர் சென்டரில் வலைத்தளம் செய்வதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

"எச்டிஎம்எல், எக்ஸ்எம்எல் ரெண்டும் பாக்குறதுக்கு ஒண்ணுபோலத்தான் இருக்கும் மாமா. எச்டிஎம்எல்ல டேகுக்கெல்லாம், அதான் இந்தக் கோண அடைப்புக்குள்ள எழுதுறதுக்கெல்லாம், ஏற்கெனவே பேரு வச்சாச்சு. ஒண்ண மூட மறந்தாக்கூடச் சமாளிச்சுக்கும். எக்ஸ்எம்எல்ல பேர நாமளே வச்சுக்கலாம். ஆனா ஒண்ண மூடாம விட்டாலும் மொத்தத்தையும் தள்ளிரும்."

"அப்ப அது ஒங்க அத்தைதான்," என்பார் மாமா. உடனே டம்ளரை நீட்டுவார். "இருந்தாலும் சரியா வெளங்கலையே ஆத்தா. இன்னொருக்கா சொல்லு."

அவருக்குச் சர்க்கரை வியாதி. அத்தை போடும் டீ வெறும் கசப்பு. பாடம் நடக்கும்போது நான் போடும் டீயில் மட்டும் அரை ஸ்பூன் சர்க்கரை இருக்கும். இந்த வயதில் படிக்கிறாரே பாவம் என்று இன்னொரு டம்ளர் ஊற்றிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன்.

இப்படியே கிறிஸ்துமஸ் வந்துவிட்டது. அன்று காலைப் பூசை முடிந்ததும் அத்தை கோயிலிலிருந்து போன் செய்தார்.

"ஃபாதரக் கூட்டிக்கிட்டு வாரேன். வலது பக்கத்து ஜாடியில திராட்சை வைன் இருக்கு, வடிச்சு வையி. மத்தது பீட்ரூட்டு, இன்னும் பக்குவமாகல. அதத் தொட்றாத."

முந்தின நாள் தரையைக் கழுவும்போது ஜாடிகளை நகர்த்தியவள் நான்தான், எது எந்தப் பக்கம் இருந்தது என்று நினைவில்லை. இரண்டுக்கும் ஒரே வெள்ளைத் துணி, உள்ளே ஒரே சிவப்பு. திருமயம் பக்கத்தில் என் பிறந்த வீட்டில் வைனை யாரும் கண்ணால் பார்த்ததில்லை, நான் குடித்துப் பார்த்தாலும் தெரியப் போவதில்லை. வேற்று வேதத்துப் பெண் என்று முணுமுணுத்த சொந்தக்காரர்களெல்லாம் ஃபாதரோடுதான் வருகிறார்கள். பக்குவமாகாத வைனை ஊற்றிவிட்டால் அடுத்த கிறிஸ்துமஸ் வரை அவர்களுக்கு வாய்க்கு அவல். அழுகையே வந்துவிட்டது.

இரவுப் பூசைக்குப் போய் வந்த மாமா வீட்டில்தான் இருந்தார். அவரிடம் ஓடினேன்.

"குடு, பாத்துருவோம்," என்று எழுந்து வந்தார்.

ஒன்றில் ஒரு வாய், மற்றதில் ஒரு வாய் குடித்தார். நெற்றியைச் சுருக்கினார். "கொழப்பமா இருக்கே. இதுல இன்னொரு வாய் ஊத்து."

ஊற்றினேன். கண்ணை மூடி யோசித்தார்.

"பிடிபட மாட்டேங்குதே ஆத்தா. டம்ளர் நெறைய ஊத்து, அப்பத்தான் தெரியும்."

வாசலில் கார் நிற்கும் வரைக்கும் தெரியவில்லை. அத்தை நேராக அடுக்களைக்குள் வந்தார்.

"வடிச்சிட்டியா?"

"ஜாடிய மாத்தி வச்சிட்டேன் அத்தை. எது எதுன்னு எனக்குத் தெரியல. மாமாவுக்கும் தெரியலையாம்."

அத்தை என்னைத் திட்டவில்லை. இரண்டு ஜாடிகளையும் எட்டிப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார்.

"பாதிக்கு எறங்கியிருக்குல்ல, இதுதான் திராட்சை. பீட்ரூட்ட இவரு ரெண்டாவது வாய் தொடமாட்டாரு. ஊத்திக்கிட்டுப் போ."

ஃபாதர் குடித்துவிட்டு, மருமகள் கைராசி நல்லா இருக்கு என்றார். எனக்கு உயிர் வந்தது.

மறுநாள் சாயங்காலம் சர்க்கரை போடாத டீயோடு பாடத்துக்கு உட்கார்ந்தேன். மாமா ஒரு வாய் குடித்துப் பார்த்து டம்ளரைக் கீழே வைத்தார். திரையில் இருந்ததை எக்ஸ்எம்எல் என்றார், அடுத்ததை எச்டிஎம்எல் என்றார், இரண்டையும் சரியாகச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.