ரவீந்திரனின் டொச்

சுவிட்சர்லாந்தில், லூசேர்னை அடுத்த எம்மன்புரூக்கேயில் ஒரு தமிழ் வீட்டுக்கு அரசாங்கக் கடிதம் வந்தால் முதலில் ரவீந்திரனைத்தான் தேடுவார்கள். விசா கந்தோர், பள்ளிக்கூடம், பல் டொக்டர், எங்கேயும் அவரைக் கூட்டிக்கொண்டு போகலாம். மட்டக்களப்பிலிருந்து இருபத்திரண்டு வயதில் வந்தவர். ஒரு நாள்கூட மொழி வகுப்புக்குப் போனதில்லை. இரும்பு ஆலையில் மேற்பார்வையாளர் போட்ட சத்தத்திலேயே டொச், அதாவது அங்கத்தைய ஜெர்மன், பழகினார். "வகுப்பில படிச்சவன் எழுதுவான். நான் கதைப்பன்" என்பார்.

மனைவி வினோதாவுக்காகவும் அவர்தான் கதைப்பார். சலவைக்கூடமொன்றில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறவளுக்கு டொச் ஓரளவு விளங்கும்; வாய் திறக்கத்தான் கூச்சம். தை மாதம் டொக்டர் அவளிடம் நித்திரை எப்படி என்று கேட்டபோது, முதுகு நோகுது என்று ரவீந்திரன் பதில் சொன்னார். அது பொய்யில்லை. அவள் விடியும்வரை கண் விழித்துக் கிடப்பதும் அவருக்குத் தெரியும். வேலைக் களைப்பென்று நினைத்திருந்தார்.

மகள் மதுஜாதான், இருபத்தைந்தாவது கலியாண நாளுக்கென்று, ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைப்பக்கம் நான்கு நாளுக்கு அறை எடுத்துக் கொடுத்தாள். "அம்மாவ வெளியில கூட்டிக்கொண்டு போங்கப்பா. அவ சிரிச்சு எவ்வளவு நாள்."

வெர்னிகரோடே, குவெட்லின்பூர்க் என்று இரண்டு நாள் ஊர் சுற்றினார்கள். சுவரெல்லாம் மரச்சட்டங்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் பழைய வீடுகள். சில வீடுகள் சரிந்து பக்கத்து வீட்டின் தோளில் சாய்ந்து நின்றன. ஒவ்வொன்றின் முன்னாலும் வினோதாவை நிறுத்தி ரவீந்திரன் படம் எடுத்தார்.

"இது எப்ப விழும்?" என்று ஒரு வீட்டைக் காட்டிக் கேட்டாள்.

"ஐந்நூறு வருசமா விழேல்ல. நீ பார்த்தோ விழப்போகுது?"

அவர் மட்டும் சிரித்தார்.

மூன்றாம் நாள் மலையில், செங்குத்தான பாறையின் விளிம்பில் வேலி போட்ட ஓரிடத்தில் மர வாங்கில் ஒன்றில் உட்கார்ந்திருந்தார்கள். பனிமூட்டம். பக்கத்து வாங்கிலில் இருந்த ஜெர்மன்காரி, இந்த இடம் பிடித்திருக்கிறதா என்று வினோதாவிடம் கேட்டுவிட்டு எழுந்தாள். நன்றாகப் பிடித்திருக்கிறதாம் என்று ரவீந்திரன் சொல்லி அனுப்பினார்.

வினோதா திரும்பினாள். "எனக்குப் பிடிச்சிருக்கெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"பிடிக்கேல்லையெண்டாச் சொல்லு. மலையத் திருப்பிக் குடுத்திட்டு வாறன்."

அவள் எழுந்து ஓடினாள். ஐம்பது வயதை நெருங்கும் வினோதா ஓடி அவர் அன்றுதான் பார்த்தார். பாதையோடு போய்ப் பனிக்குள் மறைந்துவிட்டாள். கைபேசி வாங்கிலிலேயே கிடந்தது. அரை மணிநேரம் கூப்பிட்டுப் பார்த்தார். பாதையில் வேர்கள், ஈரம், பல இடங்களில் வேலியும் இல்லை. அவசர எண்ணுக்கு அடித்தார்.

"என் மனைவி கெஷ்ப்ருங்கன்."

"பாறையிலிருந்தா?"

"ஓம், பாறையிலிருந்துதான்."

"எவ்வளவு உயரம்?"

இதையெல்லாம் ஏன் கேட்கிறார்கள் என்று யோசித்தபடி, அறிவிப்புப் பலகையைப் பார்த்து இருநூறு மீட்டர் என்றார்.

மீட்புப் படையினர் கயிறுகளோடு வந்தார்கள். எல்லோரும் விளிம்பில் குனிந்து கீழே பார்த்தார்கள். யாரோ அவரைப் போர்வையால் மூடினார்கள்.

"ஏன் கீழே பார்க்கிறீர்கள்? பாதையில் தேடுங்கள்" என்று கத்தினார்.

பொலிஸ்காரி ஒருத்தி அருகில் வந்தாள். "குதித்துவிட்டார் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?"

கெஷ்ப்ருங்கன். ஆலையில் அவர் முதல் வாரமே பழகிய சொல் அது. லூசேர்னில் அதற்கு ஓடிவிட்டாள் என்று பொருள். ஜெர்மனியில் குதித்துவிட்டாள்.

அவர் அதை விளங்கப்படுத்திக்கொண்டிருந்தபோதே வினோதா பனிக்குள்ளிருந்து நடந்து வந்தாள். சப்பாத்தெல்லாம் சேறு. கயிறுகளையும் ஆட்களையும் பார்த்து, "ஆருக்கு என்ன?" என்றாள்.

மன்னியுங்கள், சுவிஸ் டொச், பிழையான சொல் என்று ரவீந்திரன் ஒவ்வொருவரிடமும் சொன்னார். படையினர் சிரித்துக்கொண்டே கயிறு சுற்றினார்கள். பொலிஸ்காரி சிரிக்கவில்லை. வினோதாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் நிதானமாகக் கேட்டாள்:

"குதிக்க நினைத்தீர்களா?"

"இல்லை இல்லை, அவ..." என்று ரவீந்திரன் தொடங்கினார்.

"நான் அவரிடம் கேட்கிறேன்."

வினோதா ரவீந்திரன் பக்கம் திரும்பினாள். பிறகு தமிழில், "இண்டைக்கு இல்லையெண்டு சொல்லுங்க" என்றாள்.

இல்லை என்ற ஒற்றைச் சொல் அவர் வாயில் தயாராக இருந்தது. அதைச் சொன்னால் போதும், எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். வினோதா அவருடைய உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஹொய்ட்ட நிஷ்ட்" என்றார். இன்றைக்கு இல்லை.

பொலிஸ்காரி மற்றவர்களைக் கீழே அனுப்பிவிட்டு வினோதாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டாள்.

"எப்ப இருந்து?" என்று ரவீந்திரன் தமிழில் கேட்டார்.

வினோதா சொல்லத் தொடங்கினாள். அவர் ஒரு சொல்லும் விடாமல் பொலிஸ்காரிக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். டொச்சில் சொல் தெரியாத இடங்களில் நிறுத்தி, தெரியாது என்றார்.