பார்க்கிங் தேடப் போன மகன்

குளியலறையில் வழுக்கி விழுந்து, வீங்கிய மணிக்கட்டோடு கிள்ளானில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போனேன். அப்போது காலை ஒன்பது மணி. பச்சைச் சீட்டைக் கொடுத்து உட்காரச் சொன்னார்கள். பச்சை என்றால் உயிருக்கு ஆபத்தில்லை, காத்திருக்கலாம் என்று பொருள்.

பக்கத்து நாற்காலிப் பெண்மணிக்கும் பச்சைதான். கால் சுளுக்கு. அந்தச் சுளுக்குக்குத் துணையாக ஒரு மகன், இரண்டு மகள்கள்! ஒருத்தி காலைத் தாங்கிப் பிடித்திருந்தாள், இன்னொருத்தி மைலோவை ஆற்றி ஆற்றிக் கொடுத்தாள். அந்தப் பெண்மணியின் நம்பர் எனக்கு முன்னால் இருந்ததுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. அந்த மைலோவைப் பார்க்கத்தான் வயிறு எரிந்தது.

"அக்கா, தனியாவா வந்தீங்க?" என்று அந்தப் பெண்மணி கேட்டாள்.

"மகன் கார் பார்க் பண்ணப் போயிருக்கான்" என்றேன். அங்கே பார்க்கிங் கிடைப்பது குதிரைக்கொம்பு. யாரும் நம்புவார்கள்.

மதியம் இரண்டு மணிக்கும் நாங்கள் அதே நாற்காலிகளில்தான் இருந்தோம். அவள் மகன் எனக்கும் சேர்த்து நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வாங்கி வந்தான். அவன் நல்லவனாக இருந்தது எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"இன்னுமா பார்க்கிங் கிடைக்கல, ஆன்டி? கார் நம்பர் சொல்லுங்க லா, நான் போய்ப் பார்த்துட்டு வரேன்" என்றான்.

என் மகன் கார் வாங்கி ஒரு வருடம் ஆகிறது. நான் இன்னும் அதை நேரில் பார்த்ததில்லை. ஒரு மணி நேரத் தூரத்தில் அவன் குடியிருக்கும் ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து கைப்பேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தான். அதில் நம்பர் பிளேட்டை மறைத்துக்கொண்டு மருமகள் நிற்கிறாள்.