வெள்ளிக்கிழமை மாத்திரை

எனக்கு ஐம்பத்தாறு வயது. என் மகளுக்கு இருபத்தாறு. அவளால் தனியாகப் பேருந்தில் போய்வர முடியாது. ஒரு காரியத்தை முதல்முறை எப்படிச் செய்தாளோ, ஆயுளுக்கும் அப்படியேதான் செய்வாள். அவளுடைய அப்பா போய்ச் சேர்ந்த பிறகு, சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக்கில் பன்னிரண்டாம் மாடி வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். முழங்கால் வலித்தால்கூட எனக்கு முதலில் தோன்றுவது வலியல்ல, ஒரு கேள்வி. எனக்குப் பிறகு இவளுக்கு யார் தலைவாரி விடுவார்கள்?

சர்க்கரை நோய் வந்ததும் அந்தக் கேள்வி என்னோடு படுத்து என்னோடு எழுந்தது. தினமும் நடந்தேன். சோற்றைக் குறைத்தேன். பலதுறை மருந்தகத்தில் டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை ஒருவேளைகூடத் தவறவிடவில்லை. அதுவும் போதாதென்று அம்மனுக்கு ஒன்பது வெள்ளிக்கிழமை விரதம் வேண்டிக்கொண்டேன். மாலை வரை தண்ணீர் மட்டும். கேட்டது ஒன்றுதான்: இவளுக்காக இன்னும் முப்பது வருடம்.

முதல் இரண்டு வெள்ளியும் லேசாகத் தலை சுற்றியது. அருள் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வெள்ளி, உச்சிவேளை. சிராங்கூன் சாலைக் கோவிலிலிருந்து மகளின் கையைப் பிடித்தபடி ரயில் நிலையத்துக்கு நடந்தேன். பூக்கடை மல்லிகை மணம் வழக்கத்தைவிட அதிக தூரம் கூடவே வந்தது. பழைய கடைவீடுகளின் நீல ஜன்னல்களும் மஞ்சள் ஜன்னல்களும் குளத்து நீரில் தெரிவதுபோல் மெல்ல அசைந்தன. பேருந்துகள் சத்தமில்லாமல் மிதந்து போயின. என் பாதங்கள் தரையைத் தொடவில்லை. முழங்கால் வலி இல்லை, கவலை இல்லை. எனக்கு ஒரு மகள் இருப்பதே யாரோ சொன்ன செய்திபோல எங்கோ தூரத்தில் இருந்தது. நான் சந்தோஷமாக இருந்தேன். இன்றும் நினைத்தால் எனக்கு நடுக்கம் தருவது அந்தச் சந்தோஷம்தான்.

கை இழுபட்டது. மகள் நின்றுவிட்டாள்.

கோவிலுக்கு வந்தால் ஒரு கடையில் அவளுக்குத் தே வாங்க வேண்டும். கட்டிப்பால் கலந்து, பிளாஸ்டிக் பையில் கட்டி, உறிஞ்சுகுழல் போட்ட தேநீருக்கு இங்கே தே என்று பெயர். அந்தக் கடைக்கு எதிரே நின்றிருந்தோம்.

“இன்னைக்கு வேணாம் கண்ணு. அம்மா விரதம்.”

“தே,” என்றாள்.

இழுத்தேன். அவள் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இந்தப் பிடிவாதத்தைத் தளர்த்தத்தான் எத்தனையோ வருடங்களாக அவளை எத்தனையோ வகுப்புகளுக்கு அழைத்துப்போனேன். கோபத்தில் அவள் கையைக் கிள்ளியும் விட்டேன். பிறகு எனக்கும் கால் மடங்கியது. அவள் என் சொல் கேட்டுக் கூடவே வந்திருந்தால், அந்த நேரம் ரயில் நிலையத்தின் நகரும் படிக்கட்டின் உச்சியில் நின்றிருப்பேன்.

கடைக்காரர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரவைத்தார்.

“என்னாக்கா, இப்படி வேர்த்து ஊத்துது? பசியாறினீங்களா?”

“விரதம்.”

“சுகர் இருக்கா?”

“காலையிலேயே மாத்திரை போட்டுட்டேன்.” நாக்கு குழறியபோதும் அதைப் பெருமையாகச் சொன்னது நினைவிருக்கிறது.

“மாத்திரைக்கு விரதம் இல்லையா? சரியாப் போச்சு லா! நோன்புல நானும் இதே கூத்துத்தான் பண்ணேன். டாக்டர் ஏசுன ஏச்சு இன்னும் காதுல நிக்குது. மொதல்ல குடிங்க. அம்மன் கோவிச்சுக்கிட்டா நான் பேசிக்கிறேன்.”

மகளிடம் அவளுடைய வழக்கமான தே பையைத் தந்துவிட்டு, எனக்கு ஒரு குவளை நீட்டினார். அது என் கையில் நிற்கவில்லை. அப்போது என் உதட்டில் ஒரு உறிஞ்சுகுழல் பட்டது. தன் குழலை யாரும் தொட்டாலே வீறிட்டுக் கத்துகிறவள் என் மகள். தன் பையை என் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா தே.”

உறிஞ்சினேன். ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் தம் சுவர்களுக்குத் திரும்பின. பேருந்துகளுக்குச் சத்தம் வந்தது. முழங்கால் வலித்தது. பிறகு கவலையும் வந்து சேர்ந்தது, தொலைத்த பை கிடைத்ததுபோல.

மறுநாள் மருந்தகத்தில் தமிழ்த் தாதி தலையில் அடித்துக்கொண்டார். “ஆன்ட்டி, மாத்திரை சர்க்கரைய எறக்கிக்கிட்டே இருக்கும். சாப்பிடலன்னா ஆளையே எறக்கிடும். விரதம் இருக்கணும்னா முன்கூட்டியே டாக்டர்கிட்ட கேட்டிருக்கலாம்ல?”

கேட்கத் தோன்றவில்லை. மாத்திரையும் விரதமும் நீண்ட ஆயுளுக்குத்தானே, இரண்டும் ஒரே பக்கம் நிற்கும் என்று நம்பியிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மாத்திரை டப்பாவை மகளிடம் கொடுத்தேன். முதலில் தட்டு, தட்டு காலியானதும் மாத்திரை என்று ஒரே ஒருமுறை செய்துகாட்டினேன். அவளுக்கு ஒருமுறை போதும்.

அடுத்த வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு வந்தேன். மேசையில் மகள் எடுத்துவைத்த தட்டு, அதில் இரண்டு இட்லி. மிச்சமிருந்த ஆறு வெள்ளி மனத்தை அரித்தது.

“அம்மா சாமி கும்பிட்டுட்டு வந்துடறேன் கண்ணு. டப்பாவக் குடு.”

அவள் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். “தட்டு.”

உட்கார்ந்து சாப்பிட்டேன். அவள் ஒரு மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். விழுங்கினேன்.

“வாய் காட்டு,” என்றாள்.

நான்கு வயதில் அவளுக்கு வலிப்பு மருந்து தொடங்கிய நாளிலிருந்து, தினமும் நான் அவளிடம் சொன்ன சொல் அது. வாயைத் திறந்தேன். அவள் குனிந்து, நாக்குக்கு மேலும் கீழும் நிதானமாகப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே, கீழே, ஒரு ரயில் வெயிலில் மெல்ல ஊர்ந்து போனது. அவள் போதும் என்று சொல்லும்வரை நான் வாயை மூடவில்லை.